தண்ணீரில் போட்ட பிராது

ஒருவனுடைய கையுறைகள் இரண்டு களவு போய்விட்டன. அவன் பெயர் டோகிமெடிஸ். ஊர், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பாத் நகரம். காலம், ரோமானியர் அந்தத் தேசத்தை ஆண்டுவந்த காலம்.

கையுறை என்ன, பெரிய ஆஸ்தியா என்று கேட்கலாம். குளிர் வாட்டும் நாட்டில், கையால் உழைத்துப் பிழைக்கிறவனுக்கு அது ஆஸ்திதான். எடுத்தவன் யார் என்று தெரியவில்லை. டோகிமெடிஸ் என்ன செய்தான்? ஓர் ஈயத் தகட்டை எடுத்தான். தன் பெயரையும் பறிகொடுத்த பொருளையும் அதில் கீறினான். எடுத்தவனுக்குப் புத்தி பேதலிக்க வேண்டும், கண் அவிய வேண்டும் என்று எழுதினான். அந்தத் தகட்டைக் கொண்டுபோய், சூலிஸ் மினர்வா என்ற தேவியின் வெந்நீர் ஊற்றில் போட்டுவிட்டு வீடு திரும்பினான்.

அந்த ஊற்று இன்றும் வற்றவில்லை. நாள் ஒன்றுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் அங்கே பொங்கி வருகிறது. 1979, 1980-ம் ஆண்டுகளில் பாரி கன்லிஃப் என்ற அறிஞரின் தலைமையில் ஊற்றின் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. கூடவே, ஏறக்குறைய 130 ஈயத் தகடுகளும் கிடைத்தன. ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் அவற்றின் கிறுக்கல் எழுத்துக்களைப் பொறுமையாகப் படித்து, 1988-ல் புத்தகமாக வெளியிட்டார். டோகிமெடிஸின் கையுறை விவகாரம் இப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது.

படிக்கிறவர்களுக்கு முதலில் வருவது சிரிப்பு. இரண்டு கையுறைக்காகக் கண் அவிய வேண்டுமாம்! பழங்காலத்து ஜனங்கள் எவ்வளவு மூடர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது சுலபம். ஆனால் அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா?

மந்திரம் பலிக்குமா, பலிக்காதா என்ற விவாதம் வேறு. ஈயத்தில் கீறிய எழுத்து யாருடைய கண்ணையும் அவித்துவிடாது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. அந்தக் காலத்து ஏழை எளியவர்கள் தங்கள் மந்திரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? ஊற்றில், கிணற்றில், கல்லறையில், வாசற்படிக்கு அடியில். ஏன் அங்கே? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அவர்களுடைய மூடத்தனத்தைவிட அவர்களுடைய கதியற்ற நிலைமைதான் கண்ணில் படும்.

கேட்பாரற்ற திருட்டு

பாத் ஊற்றில் கிடைத்த தகடுகளில் ராஜாக்களின் பொக்கிஷத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஒருவனுக்குக் குளியல் உடுப்பும் மேலங்கியும் போயின. சிவிலிஸ் என்பவனுக்கு ஏர்க்கொழு போயிற்று. டோக்கா என்பவனுக்கு ஐந்து வெள்ளிக்காசு போயிற்று. பசிலியா என்ற பெண்ணுக்கு ஒரு வெள்ளி மோதிரம் போயிற்று. எல்லாம் சில்லறைச் சாமான்கள். ஆனால் அந்தச் சில்லறைச் சாமான்தான் அவர்களுடைய குடித்தனம்.

ரோமானியரின் சட்டம் உலகப் பிரசித்தமானது. ஆனால் அந்தச் சட்டத்தில் சாதாரணத் திருட்டு என்பது பறிகொடுத்தவனுடைய சொந்த விவகாரம். துப்பறிந்து திருடனைப் பிடித்துத் தர இன்றைய போலீஸைப் போல ஒரு இலாகா கிடையாது. திருடனைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். தானே நியாயஸ்தலத்துக்கு இழுத்துவர வேண்டும். சாட்சியும் தானே தேட வேண்டும். ஸ்நான மண்டபங்களில் துணி திருடுகிறவர்களுக்கென்று ரோமானியச் சட்டத் தொகுப்பில் ஒரு தனித் தலைப்பே இருக்கிறது. அந்தத் திருட்டு அவ்வளவு சகஜம். பணக்காரன் குளிக்கப் போனால் துணிக்குக் காவலாக அடிமையை நிறுத்திவிட்டுப் போவான். ஏழை யாரை நிறுத்துவான்?

ஆகவே அவன் தேவியிடம் போனான். போனவன் வெறுமனே அழுதுவிட்டு வரவில்லை. முறையாகப் பிராது எழுதினான். பல தகடுகளின் வாசகத்தைக் கவனித்தால் வக்கீல் குமாஸ்தா எழுதியது போலவே இருக்கிறது. எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, யாராயிருந்தாலும் தப்பக்கூடாது என்று சுற்றி வளைத்து வலை கட்டுகிறார்கள். அன்னியானஸ் என்பவனுடைய பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு போய்விட்டது. அவன் தன் தகட்டில், திருடன் கிறிஸ்தவனாயிருந்தாலும் சரி, பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவனாயிருந்தாலும் சரி என்று அதையும் சேர்த்துக்கொண்டான். பசிலியாவோ, எடுத்தவனை மட்டும் விடவில்லை. விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கும் சேர்த்தே சாபம் கொடுத்தாள்.

சிலர் இன்னும் சாமர்த்தியசாலிகள். களவுபோன பொருளைத் தேவிக்கே காணிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன? பொருள் தேவியுடையதாகிவிட்டது. திருடன் இனிமேல் ஏழையின் கடனாளி அல்ல, தெய்வத்தின் கடனாளி. வசூல் செய்யும் பொறுப்பும் தெய்வத்துக்குப் போய்விடுகிறது!

பாத் நகரத்துக்கு வடக்கே யூலி என்ற ஊரில் மெர்க்குரி தேவனுக்கு ஒரு கோவில் இருந்தது. 1970-களின் கடைசியில் அங்கே தோண்டியபோது அந்த மண்ணிலும் நூற்றுக்கு மேற்பட்ட தகடுகள் வந்தன. செனாகஸ் என்ற குடியானவன் தன்னுடைய வண்டிமாடோ குதிரையோ ஒன்றைப் பறிகொடுத்துவிட்டான். விட்டலினஸ், அவன் மகன் நட்டலினஸ் ஆகிய இருவர் மீதும் அவன் பிராது கொடுத்திருக்கிறான். பிராணியைத் திருப்பித் தரும் வரையில் அவர்களுக்குச் சுகமே இருக்கக்கூடாது என்பது அவன் கோரிக்கை. சட்டுர்னினா என்ற பெண்ணுக்கு ஒரு லினன் துணி போயிற்று. அது கிடைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு சாமிக்கு என்று அவள் எழுதி வைத்தாள். கோர்ட்டுக் கட்டணம் கட்டாமல் வழக்கு நடக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் யார் எழுதினார்கள்? மந்திரவாதி ஒருவன் உட்கார்ந்து கூலிக்கு எழுதித் தள்ளியிருப்பான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பாத் தகடுகளில் அநேகமாக ஒன்றின் கையெழுத்து மற்றொன்றில் இல்லை. அவரவர் கஷ்டத்தை அவரவரே கீறிப் போட்டிருக்கிறார்கள். இன்னும் சில தகடுகளில் எழுத்தே இல்லை. எழுத்தைப் போலத் தோன்றும் கோடுகள் மட்டும் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவனும் பிராது கொடுக்காமல் விடவில்லை.

கல்லறைக்குள் நடந்த வியாபாரச் சண்டை

தகடு எழுதும் இந்தப் பழக்கம் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. அதற்கு ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்களிடம் வேரூன்றிவிட்டது. சிசிலித் தீவில் கிரேக்கர் குடியேறிய செலினஸ் என்ற ஊரில் கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்துத் தகடுகள் அகப்பட்டிருக்கின்றன. கிரேக்க மொழியிலும் லத்தீனிலுமாக இதுவரை கிடைத்திருப்பவை 1,500-க்கும் மேல்.

ஏன் ஈயம்? முதலாவது, அது மலிவு. ஆதன்ஸ் நகரத்துக்குச் சமீபம் லாரியம் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. வெள்ளியைப் பிரித்தெடுத்த பிறகு ஈயம் தாராளமாக மிஞ்சியது. இரண்டாவது, ஈயம் குளிர்ந்தது, கனமானது, வெளிறிப்போனது. இந்த ஈயத்தைப் போல எதிராளியின் நாக்கும் குளிர்ந்து விறைத்துப் போகட்டும் என்று எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் ஏது?

நாக்கைக் கட்டுவது ஆதன்ஸ் நகரத்தில் மிகவும் அவசியமாயிருந்தது. அந்த ஊர் நியாயஸ்தலத்தில் வாதியும் பிரதிவாதியும் தாங்களே எழுந்து பேச வேண்டும். நூற்றுக்கணக்கான ஜூரிகள் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். பணம் படைத்தவன் பேச்சை எழுதித் தருவதற்குக் கூலிக்கு ஆள் பிடிப்பான். பேச்சுத் தெரியாத எளியவன் என்ன செய்வான்? எதிராளியின் நாக்குப் பிசகட்டும், சாட்சிகளின் புத்தி மயங்கட்டும் என்று தகடு எழுதுவான். அதைச் சுருட்டி ஆணியடித்து, இரவில் கல்லறையிலோ கிணற்றிலோ போடுவான்.

கல்லறையில் ஏன்? பாதாளத்திலிருக்கும் தெய்வங்களுக்கு நேரே கடிதம் கொண்டுபோக ஆள் வேண்டாமா? இறந்தவனைத் தவிர வேறு யார் அங்கே போகிறார்கள்? அற்பாயுளில் செத்தவனாயிருந்தால் இன்னும் விசேஷம் என்று நம்பினார்கள். அவன் ஆவி அமைதியின்றி அலையும், சொன்ன வேலையைச் சீக்கிரம் செய்யும் என்பது அவர்களுடைய எண்ணம்.

2003-ம் ஆண்டில் ஆதன்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு அருகில், ஓர் இளம்பெண்ணின் கல்லறையில் ஐந்து தகடுகள் கிடைத்தன. 2,400 வருஷங்களுக்கு முற்பட்டவை. நான்கில் எழுத்து இருந்தது, ஒன்று வெறுமையாக இருந்தது. எழுதியிருந்த பெயர்கள் யாருடையவை? எல்லாம் மதுக்கடை நடத்திய தம்பதிகளின் பெயர்கள். போட்டிக் கடைக்காரன் ஒருவன் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். தொழிலில் நஷ்டம் வந்தால் தாங்குவதற்குச் சேமிப்பு கிடையாது, கடன் கொடுத்துக் கைதூக்கிவிடச் சங்கம் கிடையாது. பக்கத்துக் கடையில் கூட்டம் சேர்ந்தால் தன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம்தான் அந்த ஆணியை அடித்தது.

வாசற்படிக்கு அடியில்

சாபம் கொடுப்பது மட்டுமே மந்திரம் என்று எண்ணிவிடக்கூடாது. தாயத்துக் கட்டியவர்களும் வீட்டுக்குக் காப்புச் செய்தவர்களும் ஏராளம்.

இன்றைய ஈராக் தேசத்தில் நிப்பூர் என்ற புராதன நகரம் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலையார் 1880-களின் கடைசியில் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். வீடுகளின் தரைக்கு அடியில் மண் கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கி.பி. 5-ம் நூற்றாண்டுக்கும் 8-ம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை அவை. உட்புறம் முழுவதும் அரமேய மொழியில் சுருள் சுருளாக மந்திரம். சிலவற்றின் நடுவில் கைகால் விலங்கிட்ட ஒரு பேயின் படம். வாசற்படிக்கு அடியிலும் அறை மூலைகளிலும் இவற்றைப் புதைத்தார்கள். எலிப்பொறி வைப்பதைப் போலப் பேய்ப்பொறி!

வீட்டாரின் பெயர்கள் அந்தக் கிண்ணங்களில் இருக்கின்றன. இன்னாருடைய மகன் என்று தகப்பன் பெயரைச் சொல்லாமல், தாயின் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். அவர்கள் யாரைக் கண்டு பயந்தார்கள்? கைக்குழந்தைகளைக் கொன்றுவிடுகிறாள் என்று நம்பப்பட்ட லிலித் என்ற பெண்பேயைக் கண்டு பயந்தார்கள். அவளை விரட்ட யூதக் குடும்பங்கள் செய்த உபாயம் விசித்திரமானது. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் விவாகரத்துப் பத்திரத்தைப் போலவே பேய்க்கு ஒரு பத்திரம் எழுதி, வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். இங்கேயும் கோர்ட்டு பாஷைதான்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பெற்ற குழந்தைகளில் எத்தனை தங்கும் என்று எந்தத் தாயும் சொல்ல முடியாத காலம் அது. காய்ச்சல் எதனால் வருகிறது என்று எந்த வைத்தியனுக்கும் தெரியாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக் காவலாக ஒரு கிண்ணத்தைப் புதைப்பதைத் தவிர அந்தத் தாயால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

எகிப்தில் இதே காரியம் பட்டப்பகலில், கோவில் சம்மதத்துடன் நடந்தது. அங்கே மந்திரம் என்பது தெய்வம் மனிதனுக்குக் கொடுத்த வரம். முதலைகளின் மேல் நிற்கும் ஹோரஸ் என்ற பாலதேவனின் உருவத்தைக் கல்லில் செதுக்கி, சுற்றிலும் மந்திரங்களைப் பொறித்து வைத்தார்கள். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் மந்திரங்களின் சக்தி தண்ணீரில் இறங்கிவிடும். தேள் கொட்டியவனும் பாம்பு தீண்டியவனும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். கி.மு. 4-ம் நூற்றாண்டில் ஜெட்ஹெர் என்பவருக்கு அமைத்த இத்தகைய சிலை ஒன்றில், வழியும் தண்ணீரைப் பிடிக்க அடியில் தொட்டியே வெட்டியிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் குடிக்கலாம். அந்தத் தண்ணீர் விஷத்தை இறக்காது. ஆனாலும் அது ஊர்ப்பொதுவில் இருந்த ஒரு தர்ம வைத்தியசாலை.

எல்லாம் வெள்ளையல்ல

இதனாலெல்லாம் பழங்காலத்து மந்திரம் முழுக்க முழுக்கச் சாதுவானது என்று சொன்னால் அது பொய்.

பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில், எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒரு களிமண் பொம்மை இருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிய பெண் உருவம். உடம்பெங்கும் 13 ஊசிகள் பாய்ச்சப்பட்டிருக்கின்றன. கூடவே ஓர் ஈயத் தகடு. சரபம்மோன் என்பவன் தலெமாய்ஸ் என்ற பெண்ணை அடைவதற்காகச் செய்வித்த வசியம் அது. அவன் இச்சைக்கு இணங்கும் வரை அவள் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்று தகடு கட்டளையிடுகிறது. இதைக் கதியற்றவனின் கண்ணீர் என்று சொல்ல முடியுமா? முடியாது. இது ஒரு பெண்ணின் இஷ்டத்தைப் பிடுங்கப் பார்த்த கொடுமை.

திருட்டுத் தகடுகளிலும் விஷம் உண்டு. சில தகடுகளில் சந்தேகப்பட்டவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நிரபராதிகளோ! மந்திரத்தை விற்றுப் பிழைத்த புரட்டர்களும் இருந்தார்கள். பணக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று, எதிரியை ஒழித்துத் தருகிறோம் என்று ஆசை காட்டும் பிச்சைக்காரப் பூசாரிகளைப் பிளேட்டோ கண்டித்திருக்கிறார். வாசற்படியிலும், நாற்சந்தியிலும், பெற்றோரின் சமாதியிலும் மெழுகு பொம்மையைப் பார்த்து ஜனங்கள் மிரளுவதைப் பற்றியும் அவர் எழுதினார். மாந்திரீகத்தைத் தொழிலாக வைத்துத் தீங்கு செய்கிறவனுக்கு மரண தண்டனை கொடுக்கலாம் என்பது அவர் தீர்ப்பு.

புரட்டைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பின்னாளில் அரசாங்கங்கள் அந்த வாளை உருவியபோது அது யார் தலையில் விழுந்தது?

வாள் விழுந்த இடம்

கி.பி. 359-ல் ரோம சாம்ராஜ்யத்தைக் கான்ஸ்டான்டியஸ் சக்கரவர்த்தி ஆண்டுகொண்டிருந்தான். தன் உயிருக்கு யாரோ மந்திரத்தால் உலை வைக்கிறார்கள் என்று அவனுக்கு ஓயாத பயம். பாலஸ்தீனத்தில் ஸ்கைதோபாலிஸ் என்ற ஊரில் விசாரணை மன்றம் கூடியது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த அம்மியானஸ் என்ற சரித்திராசிரியர் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். முறைக்காய்ச்சலுக்காகக் கழுத்தில் தாயத்துக் கட்டியிருந்தவனுக்கு மரண தண்டனை. மாலை வேளையில் சமாதிப் பக்கமாக நடந்து போனான் என்று வேண்டாதவர்கள் சொன்னால் அவனுக்கும் மரண தண்டனை.

பிறகு வாலன்ஸ் சக்கரவர்த்தியின் காலம். ஆசிய மாகாணத்துக்குப் பெஸ்டஸ் என்பவன் அதிகாரியாக வந்தான். ஸ்நான மண்டபத்தில் ஒரு வாலிபனுக்கு வயிற்று உபாதை. பளிங்குக் கல்லையும் தன் மார்பையும் மாறி மாறி விரலால் தொட்டுக்கொண்டு ஏழு உயிரெழுத்துக்களை எண்ணினான். வலி போகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்த கைவைத்தியம். அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்து தலையை வெட்டினார்கள்.

இதைவிட வேதனையான சம்பவமும் உண்டு. ஒரு சாதாரணக் கிழவி மந்திரித்துக் காய்ச்சலை இறக்குவது வழக்கம். யாருக்கும் கெடுதல் நினைத்தவள் அல்ல. பெஸ்டஸின் மகளுக்கே காய்ச்சல் வந்தபோது, அவனுக்குத் தெரிந்தேதான் அவளை அழைத்து வந்தார்கள். அவளும் வந்து மந்திரித்தாள். பிற்பாடு அதே பெஸ்டஸ் அவளை மந்திரக்காரி என்று கொன்றுவிட்டான்.

இந்தக் கிழவிக்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்தவர் கேட்டோ. கி.மு. 184-ல் ரோமாபுரியின் தணிக்கை அதிபதியாக இருந்து ஊரையே நடுங்கவைத்த பிரமுகர். விவசாயத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், எலும்பு பிசகினால் செய்ய வேண்டிய மந்திர வைத்தியம் ஒன்று இருக்கிறது. பச்சை நாணலைப் பிளந்து வைத்துக்கொண்டு, பொருள் விளங்காத சில சொற்களை ஜபிக்க வேண்டும். கேட்டோவை யாரும் மந்திரவாதி என்று கட்டி இழுத்துப் போகவில்லை. பிரபு எழுதினால் அது வைத்தியக் குறிப்பு. கிழவி சொன்னால் அது சூனியம்!

தாயத்துக் கட்டியவன் மீது மட்டும்தான் பழி விழுந்தது என்பதும் இல்லை. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கிரெசிமஸ் என்பவனுக்குச் சின்ன நிலம். அதில் பெரிய பண்ணைக்காரர்களின் நிலத்தைவிட அதிகமாக விளைந்தது. பக்கத்து வயல் விளைச்சலை மந்திரம் போட்டு இழுத்துக்கொள்கிறான் என்று பிராது வந்தது. அப்படிச் செய்வது ரோமானியச் சட்டத்தில் மிகப் பழைய குற்றம். கிரெசிமஸ் என்ன செய்தான்? நன்றாகத் தீட்டிய மண்வெட்டிகளையும், கனத்த ஏர்க்கொழுவையும், கொழுத்த உழவுமாடுகளையும், திடகாத்திரமான தன் ஆட்களையும் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். தன்னுடைய மந்திரம் இவைதான் என்றும், இரவு பகலாகச் சிந்திய வியர்வையை மட்டும் சபையில் கொண்டுவந்து காட்ட முடியவில்லை என்றும் சொன்னான். எல்லாரும் ஒருமுகமாக அவனை விடுதலை செய்தார்கள். பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்த சரித்திரம் இது. கிரெசிமஸுக்குச் சபை கிடைத்தது, பேசவும் தெரிந்தது. கிழவிக்கு இரண்டும் இல்லை.

ஈயத் தகடு யாருடைய தலையையும் வெட்டவில்லை. தகட்டுக்குப் பயந்தவர்கள் வெட்டினார்கள்.

மருந்து எது?

மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் ஒழிக்கும் வழி எது என்பதில் பழைய சரித்திரம் ஒரு பாடம் சொல்கிறது. வாளால் ஒழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கான்ஸ்டான்டியஸின் விசாரணைக்குப் பிறகும் தாயத்து இருந்தது. பெஸ்டஸ் போன பிறகும் கிழவிகள் மந்திரித்தார்கள். பரிகாசத்தால் ஒழிக்கவும் கல்விமான்கள் முயன்றார்கள். அதுவும் பலிக்கவில்லை. சாபத்துக்குப் பயப்படாதவர் எவருமே இல்லை என்று ஒப்புக்கொண்ட பிளினி, முட்டையைத் தின்றவுடன் அதன் ஓட்டை உடைத்துவிடும் வழக்கத்துக்கும் அந்தப் பயத்தையே காரணமாகச் சொன்னார்.

பயமும் இழப்பும் இருக்கிற இடத்தில் மனிதன் எதையாவது செய்தே தீருவான். கைகட்டி உட்கார அவனால் முடியாது. களவு கொடுத்தவனுக்குக் காவல் நிலையத்தில் மரியாதையாக ஒரு பதில் கிடைத்தால், தகட்டுக்கு வேலை குறையும். காய்ச்சல் கண்ட குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடக் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தால், வாசற்படியில் புதைக்கக் கிண்ணம் தேட மாட்டார்கள். நியாயஸ்தலத்தின் பாஷை ஏழைக்குப் புரிந்தால், எதிராளியின் நாக்கைக் கட்ட அவன் கல்லறைக்குப் போக மாட்டான். இவற்றைச் செய்து கொடுக்காமல், மந்திரத்தை நம்புகிறாயே மடையா என்று ஏசுவது, பசித்தவன் மண்ணைத் தின்கிறான் என்று அவனை அடிப்பதற்குச் சமானம்.

பாத் ஊற்றிலிருந்து எடுத்த தகடுகளில், எழுத்தறியாதவன் கோடு கோடாகக் கீறிப் போட்டவையும் இருக்கின்றன அல்லவா? அவற்றை எந்தப் பண்டிதராலும் படிக்க முடியாது, ஏனென்றால் அவை எந்த மொழியும் அல்ல. ஆனாலும் அவன் என்ன சொல்ல வந்தான் என்பதை ஊகிக்கப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை. தன் பொருள் போய்விட்டது, கேட்பார் யாருமில்லை, நீயாவது கேள் என்பதுதான் அது.